எல்லா மாணவர் கைக்கும் வேலை தரும் ஊடகம் எது? அரசுப் பள்ளிகளில் ஊடகக் கலைப் பயிலரங்குகள்: ஓர் ஒப்பீடு

ஊடகக் கலைப் பயிலரங்கு ஒன்றை நடத்துவது என்று ஓர் அரசுப் பள்ளி தீர்மானித்ததும் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் கருவிகளைப் பற்றியதாகவே இருக்கிறது. கேமரா வாங்குவதா, கணினி வாங்குவதா, இருக்கும் கைப்பேசிகளை வைத்தே நடத்திவிடுவதா என்று பேச்சு போகிறது. அதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பயிலரங்கு முடிந்து, செய்தவை எல்லாம் திரையிடப்படும் நாளில், வகுப்பில் உள்ளவர்களில் எத்தனை பேர் ‘இந்த இடம் நான் செய்தது’ என்று விரல் நீட்டிக் காட்ட முடியும்? குறும்படம், ஸ்டாப் மோஷன் அனிமேஷன், ஒலி நிகழ்ச்சி, ஒளிப்படம், கணினி விளையாட்டு என்று பள்ளியின் முன் இருக்கும் வாய்ப்புகளை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே இங்கு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அரசுப் பள்ளி தன் மாணவர்களைப் பொறுக்கி எடுப்பதில்லை. வருகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே பாடமொழியை வீட்டில் பேசாத பிள்ளை, எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் பிள்ளை, செவித்திறன் அல்லது பார்வை குறைந்த பிள்ளை, சென்ற மாதம்தான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை, கைப்பேசியில் காணொளி வெட்டி ஒட்டுவதில் ஆசிரியரையே மிஞ்சிவிடும் பிள்ளை ஆகிய எல்லோரும் ஒரே வகுப்பில் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். 1989இல் ஐ.நா. பொது அவை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, பேச்சாகவோ எழுத்தாகவோ அச்சாகவோ கலை வடிவிலோ, அல்லது குழந்தை தானே தேர்ந்தெடுக்கும் வேறு எந்த ஊடகத்தின் வழியாகவோ கருத்தை வெளியிடும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது. பள்ளிகளின் நடைமுறையிலோ எழுத்து ஒன்றே வாசலாக நிற்கிறது. எழுத்தில் தடுமாறுகிறவருக்குச் சொல்ல எதுவும் இல்லை என்றே பல வேளைகளில் முடிவுகட்டப்படுகிறது. அமெரிக்காவில் 2014இல் வெளியான தேசியக் கலைத் தரநிலைகள் நடனம், இசை, நாடகம், காட்சிக் கலை ஆகியவற்றோடு ஊடகக் கலையை ஐந்தாவது துறையாகச் சேர்த்தன. பள்ளிநேரத்தில் இடம் கேட்கும் உரிமை இந்தத் துறைக்கு உண்டு என்பதற்கு அது ஒரு நல்ல முன்னுதாரணம்.

இவற்றால் உண்மையில் பயன் விளைகிறதா என்று தலைமையாசிரியர்கள் கேட்பது நியாயமே. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர அரசுப் பள்ளிகளில் டேனியல் போவன், பிரையன் கிசிடா என்ற இரு ஆய்வாளர்கள் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வை இங்கு நம்பிக்கையோடு எடுத்துக்காட்டலாம். 42 பள்ளிகளும் 10,548 மாணவர்களும் இடம்பெற்ற அந்த ஆய்வில், எந்தப் பள்ளிக்குக் கூடுதல் கலைக்கல்வி கிடைக்கும் என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. கிடைத்த பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைகள் 3.6 சதவீதப் புள்ளிகள் குறைந்தன. எழுதும் திறனுக்கான தேர்வு மதிப்பெண்களும் பிறர்மீதான பரிவும் சிறிதளவு, ஆனால் அளக்கக்கூடிய அளவில், உயர்ந்தன. அங்கே நடந்தவை நாடகம், இசை, நடனம், ஓவியம் ஆகியவற்றை ஒட்டிய கலைக்கல்வி என்பதால், ஊடகக் கலைக்கும் அதே எண்கள் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். கலைஞர்களும் பள்ளியும் கைகோத்து நடத்தும் வேலை மாணவர்களைப் பள்ளியோடு பிணைக்கிறது என்ற அளவுக்கு அந்த ஆய்வு வலுவான சான்று.

எந்த ஊடகத்தையும் எடைபோட, பிள்ளைகள் கணினியைக் கொண்டு கற்பதை ஆராய்ந்த சீமோர் பேப்பர்ட்டும், அவர் வழிவந்த மிட்செல் ரெஸ்னிக்கும் பயன்படுத்திய அளவுகோல் உதவும். தளம் தாழ்வாக இருக்க வேண்டும், அதாவது யாரும் எளிதாக உள்ளே நுழைய முடிய வேண்டும்; கூரை உயரமாக இருக்க வேண்டும், அதாவது திறமை வளர வளர மேலே போக இடம் இருக்க வேண்டும்; சுவர்கள் அகன்றிருக்க வேண்டும், அதாவது எல்லோரும் ஒரே வழியில் போகும்படி நெருக்கக் கூடாது. இவற்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு மாணவரின் கையிலும் வேலை இருக்கும் நேரம் எவ்வளவு? என் அனுபவத்தில், பயிலரங்கு வெல்வதும் தோற்பதும் இந்த நான்காவது அளவில்தான் பெரும்பாலும் தீர்மானமாகிறது.

குறும்படம்: கவர்ச்சி அதிகம், காத்திருப்பும் அதிகம்

பள்ளிகள் முதலில் நாடுவது குறும்படத்தையே. மாணவர்களின் ஆர்வம், பெற்றோருக்குக் காட்டும் வசதி, விழாக்களில் திரையிடும் வாய்ப்பு எல்லாம் அதன் பக்கம் இருக்கின்றன. அதற்கு நல்ல மரபும் உண்டு. நியூயார்க்கில் 1984இல் தொடங்கப்பட்ட எஜுகேஷனல் வீடியோ சென்டர், நகரத்தின் அரசு உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தங்கள் வாழ்விடப் பிரச்சினைகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் பழக்கியது. கேள்வி கேட்பது, பதிலைக் கேட்டுப் புரிந்துகொள்வது, கிடைத்தவற்றில் எதை வைப்பது எதை விடுவது என்று வாதிடுவது ஆகியவற்றை இந்த அளவுக்குப் பழக்கும் வேறு வேலை பள்ளியில் இல்லை.

ஆனால் ஆறு பேர் கொண்ட ஒரு குழுவைக் கூர்ந்து பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது. ஒருவர் கேமராவைப் பிடிக்கிறார், இருவர் நடிக்கிறார்கள், ஒருவர் இயக்குநர் என்ற பெயரில் குரல் கொடுக்கிறார். மீதி இருவர் கேமராவில் தெரியும் சட்டகத்துக்குள் வந்துவிடாமல் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். அந்த இருவர் யார் என்பது தற்செயலாக அமைவதில்லை. பாடமொழியில் தயக்கம் உள்ளவரும், புதிதாக வந்து சேர்ந்தவரும், குழுவில் நண்பர் இல்லாதவருமே பெரும்பாலும் அங்கே நிற்கிறார்கள். கூச்சமில்லாதவர் நடிகராகவும், வீட்டில் நல்ல கைப்பேசி உள்ளவர் ஒளிப்பதிவாளராகவும், கையெழுத்து அழகாக உள்ள மாணவி எழுதுபவராகவும் முதல் நாளிலேயே உறைந்துவிடுகிறார்கள். படத்தொகுப்புக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒரு கணினி, ஒரு மவுஸ், அதைச் சுற்றி ஐந்து முதுகுகள். வகுப்பறையில் ஏற்கெனவே இருக்கும் ஏற்றத்தாழ்வைப் பயிலரங்கு அப்படியே எடுத்துத் திரையில் போட்டுக் காட்டிவிடும் ஆபத்து இந்த ஊடகத்தில்தான் மிகுதி.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் பொறுப்புகளை மாற்றலாம். காட்சிகளை வரிசைப்படியே எடுத்து, பின்னால் தொகுப்பே தேவைப்படாதபடி கேமராவுக்குள்ளேயே முடித்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இவற்றை விட எளிமையானது. லூமியர் சகோதரர்கள் 1895இல் திரையிட்ட படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவானவை. கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி, இடையில் வெட்டாமல், ஒரே ஷாட்டில் எடுத்தவை. அதே கட்டுப்பாட்டை மாணவர்களுக்கும் விதித்து, ஆளுக்கொரு படம் எடுக்கச் சொன்னால் காத்திருப்பு மறைந்துவிடுகிறது. எங்கே நிற்பது, எப்போது தொடங்குவது, எதைச் சட்டகத்துக்கு வெளியே விடுவது என்ற மூன்று முடிவுகளையும் ஒவ்வொருவரும் தாமே எடுத்தாக வேண்டும். வாசிக்கத் திணறும் மாணவர் இந்த மூன்றிலும் யாருக்கும் சளைத்தவர் அல்ல என்பது அன்றைய திரையிடலிலேயே வகுப்புக்குத் தெரிந்துவிடும்.

ஸ்டாப் மோஷன்: மெதுவான, பொறுமையான, பங்கிடக்கூடிய வேலை

பொருளைச் சிறிது நகர்த்தி ஒரு படம், மீண்டும் நகர்த்தி இன்னொரு படம் என்று எடுத்துச் சேர்ப்பதே ஸ்டாப் மோஷன். திரைப்படங்கள் நொடிக்கு 24 ஃபிரேம்களில், அதாவது 24 தனிப் படங்களாக, ஓடுகின்றன. பள்ளிப் பயிலரங்குக்கு நொடிக்கு 12 படங்கள் தாராளமாகப் போதும். அப்படிப் பார்த்தால் பத்து நொடி அசைவுக்கு 120 படங்கள் வேண்டும். மூன்று நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு வகுப்பு வேளையில் செய்து முடிக்கக்கூடிய அளவு அது.

அந்த மேசையில் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கைப்பேசி ஒரு தாங்கியில் அசையாமல் நிற்கிறது. தாங்கியின் கால்களும் பின்னணி அட்டையும் மேசையோடு டேப் போட்டு ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒருவர் களிமண் பொம்மையின் கையை அரை விரற்கடை உயர்த்துகிறார். அடுத்தவர் பின்னணியில் உள்ள காகித மேகத்தை நகர்த்துகிறார். மூன்றாமவர் ‘கை எடு’ என்று சொல்லி, எல்லாக் கைகளும் விலகியதைப் பார்த்துப் பொத்தானை அழுத்துகிறார். நான்காமவர் தாளில் எண்ணிக்கையைக் குறித்து, முந்தைய ஃபிரேமையும் இப்போதையதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். ‘கை எடு’ என்பதைப் பேச்சில் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. மேசையைத் தட்டினாலோ கையைக் காட்டினாலோ போதும். பாடமொழி தெரியாத மாணவரும் செவித்திறன் குறைந்த மாணவரும் இந்த வேலையில் முதல் ஃபிரேமிலிருந்தே முழுப் பங்காளிகள். பேச்சு குறைவாகவும் ஒழுங்கு தெளிவாகவும் இருப்பதால், கூச்சலும் எதிர்பாராத மாற்றங்களும் ஒத்துவராத ஆட்டிசம் உள்ள மாணவர்கள் சிலர் இங்கே நெடுநேரம் ஒன்றியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

முகம் திரையில் வராது என்பது இன்னொரு பெரிய நன்மை. தன் தோற்றத்தைப் பற்றிக் கூச்சப்படும் வயதில் இருப்பவர்களும், பாதுகாப்புக் காரணங்களால் அடையாளம் வெளிவரக் கூடாதவர்களும், மதம் அல்லது குடும்ப வழக்கத்தால் படமெடுக்கப்படுவதை விரும்பாதவர்களும் எந்த விளக்கமும் தராமலேயே கலந்துகொள்ள முடிகிறது. விதிவிலக்கு கேட்டுக் கை உயர்த்த வேண்டிய தேவையே யாருக்கும் எழுவதில்லை. வேற்றுமைகளை மதிப்பதற்கு இதைவிடக் கண்ணியமான வழி எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. ஜன்னல் வெளிச்சம் மேகத்துக்கேற்ப மாறினால் படம் மினுக்கும். திரையை மூடி ஒரு விளக்கை மட்டும் வைத்துக்கொள்வதும், கைப்பேசியின் ஒளி அளவையும் குவியத்தையும் பூட்டிவைப்பதும் கட்டாயம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சிகள் ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்தானவை என்பதால், மினுக்கும் படத்தை அழகுக் குறையாக மட்டும் கருதி விட்டுவிடக் கூடாது. ஒருவர் கைபட்டுத் தாங்கி நகர்ந்துவிட்டால் அரை மணி நேர உழைப்பு வீணாகும். அந்தக் கோபத்தைக் குழு எப்படித் தாங்குகிறது என்பதையும் ஆசிரியர் கவனிக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது கண்ணை நம்பிய கலை. பார்வையற்ற மாணவர் பொம்மைகளைத் தொட்டு வனையலாம், ஆனால் தான் வனைந்தது அசைவதை அவரால் அனுபவிக்க முடியாது.

ஒலி: செலவு குறைவு, மதிப்பு மிகுதி

அந்த இடத்தில்தான் ஒலி வருகிறது. ஒரு கைப்பேசி, ஓர் அமைதியான மூலை, ஒரு ஹெட்போன், 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ஆடாசிட்டி போன்ற ஓர் ஒலித்தொகுப்பு மென்பொருள் ஆகியவை இருந்தால் பயிலரங்கைத் தொடங்கிவிடலாம். ஆடாசிட்டியை விசைப்பலகைக் குறுக்குவழிகள் வழியாகவே பெரும்பாலும் இயக்க முடியும் என்பதால், திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக்காட்டும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்ற மாணவர் மற்றவர் உதவிக்குக் காத்திருக்காமல் தானே தொகுக்க முடிகிறது. குறும்படக் குழுவில் ஓரமாக உட்கார வைக்கப்பட்டவர் இங்கே தொகுப்பாளர் நாற்காலியில் உட்காருகிறார்.

மொழி விஷயத்தில் ஒலி செய்யும் உதவி தனிச்சிறப்பானது. வீட்டு மொழியில் பாட்டி சொன்ன கதையை அந்த மொழியிலேயே பதிவு செய்து, அதன்மேல் பாடமொழியில் மாணவரே விளக்கம் பேசலாம். அவர் குரல் முன்னே வரும்போது பாட்டியின் குரல் பின்னணியில் தாழ்ந்து ஒலிக்கும். அதுவரை வகுப்பில் குறையாகப் பார்க்கப்பட்ட மொழி அந்த நிகழ்ச்சியில் மாணவரின் மூலப்பொருளாகிறது. வீட்டு மொழியைப் பாடமொழி அறியாமையின் அடையாளமாக நடத்தும் பள்ளிகளில் இந்த ஒரு பயிற்சி மட்டுமே பயிலரங்கின் செலவுக்கு ஈடாகும் என்று உறுதியாகச் சொல்வேன். திக்கிப் பேசும் மாணவருக்கு, தான் விரும்பும் வடிவில் தன் பேச்சை நிறுத்தி வைக்கும் அதிகாரமும் தொகுப்பில் கிடைக்கிறது. திக்கலை வெட்டி எடுப்பதா அப்படியே விடுவதா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்; ‘நன்றாக இருக்கட்டும்’ என்று ஆசிரியர் வெட்டிவிடக் கூடாது.

தொழில்நுட்ப அளவில் சொல்லிக்கொடுக்க வேண்டியவை சிலவே. மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பது, நேருக்கு நேர் வைக்காமல் சற்றே ஓரமாக வைப்பது, விசிறியை நிறுத்துவது, பேச்சு தொடங்குமுன் அறையின் வெறும் ஒலியை அரை நிமிடம் தனியே பதிந்துகொள்வது. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெட்டிய இடங்களில் அந்த வெறும் ஒலியை நிரப்பாவிட்டால் ஒவ்வொரு வெட்டும் காதில் குழியாகக் கேட்கும். செவித்திறன் குறைந்தவர்களுக்கு ஒலிப் பயிலரங்கு இயல்பாகவே மூடிய கதவு. எழுத்துப்படி தயாரிப்பதும் ஒலியலையைக் கண்ணால் பார்த்து வெட்டுவதும் உதவும் என்றாலும், அதை முழுப் பங்கேற்பு என்று அழைப்பது நேர்மையாகாது.

ஒளிப்படத்தையும் கணினி விளையாட்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகியோர் சீனாவின் யுன்னான் மாகாணக் கிராமப் பெண்களிடம் கேமராக்களைக் கொடுத்து வளர்த்த ஒளிப்பட முறை, படத்தை எடுத்தவரே அதைப் பற்றிப் பேசுவதை மையமாக்கியது. பள்ளியில் அதைப் பின்பற்றினால், எடுப்பதற்குச் செலவிடும் நேரத்தைப் போல இரு மடங்கை எடுத்ததைப் பற்றிப் பேசுவதற்கு ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் மிஞ்சுவது ஒரு சுற்றுலாத் தொகுப்பே. எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்திலிருந்து 2007இல் வெளிவந்த ஸ்க்ராட்ச், அதாவது கட்டளைக் கட்டங்களை அடுக்கிப் பிள்ளைகளே கணினி விளையாட்டு செய்ய உதவும் மென்பொருள், 70க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. இணையம் இல்லாமலும் இயங்குகிறது. கூரையும் சுவர்களும் அதற்கு உண்மையாகவே பெரியவை. ஆனால் இருவருக்கு ஒரு கணினியாவது இருந்தால்தான் அது பயன்படும். நான்கு பேருக்கு ஒன்று என்றால், ஏற்கெனவே கணினி பழகியவர் மவுஸை விடவே மாட்டார்.

நேரமும் ஆளும்: ஊடகத்தைவிட முக்கியமான தேர்வு

எந்த ஊடகம் என்பதைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகும், எப்போது நடத்துகிறோம் என்பதற்கு அதைவிட அதிக எடை தருவேன். பள்ளி முடிந்த பிறகு விருப்பமுள்ளவர்கள் தங்கலாம் என்ற ஏற்பாடு, தாராளமாகத் தோன்றினாலும், உண்மையில் ஒரு வடிகட்டி. தம்பி தங்கையை அழைத்துப் போக வேண்டியவர், ஒரே பேருந்தை நம்பியிருப்பவர், மாலையில் வேலைக்குப் போகிறவர், உதவியாளர் துணையோடு மட்டும் வீடு திரும்பக்கூடிய மாற்றுத்திறனாளி மாணவர் ஆகியோர் வடிகட்டப்பட்டு, ஏற்கெனவே வாய்ப்புள்ளவர்கள் உள்ளே மிஞ்சுகிறார்கள். பலதரப்பட்ட மாணவர்களை ஈர்ப்பது நோக்கம் என்றால் பயிலரங்கு பாடவேளைக்குள் நடந்தாக வேண்டும். மொழி, சமூக அறிவியல், அறிவியல் பாடங்களின் வேளையிலிருந்து சிறிது எடுத்து, அந்தப் பாடப்பொருளையே பயிலரங்கின் கருவாக்கினால் ஆசிரியர்களின் எதிர்ப்பும் குறையும். நீர்ச்சுழற்சியை அனிமேஷனாகச் செய்யும் குழு அந்தப் பாடத்தைக் கற்காமல் தப்பவே முடியாது.

தொடர்ந்து ஒரு வாரம் முழு நாளும் நடத்தும் முறைக்கும், வாரம் ஒரு இரட்டை வேளை என்று ஒரு பருவம் முழுக்க நடத்தும் முறைக்கும் இடையில் தேர்வு செய்ய வேண்டியிருந்தால், இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். ஒரு வாரப் பயிலரங்கில் உற்சாகம் உச்சத்தில் இருக்கும். ஆனால் தயங்கிச் சேரும் மாணவர் தன் முதல் யோசனையைச் சொல்லத் துணியும் நேரத்தில் பயிலரங்கே முடிந்துபோகும். வாரா வாரம் நடக்கும்போது, சென்ற வாரம் விடுப்பில் இருந்தவருக்கும் இடம் இருக்கிறது. பொம்மையின் கால் உடைந்தால் அடுத்த வாரத்துக்குள் சரிசெய்யலாம். வருகைப்பதிவு ஒழுங்கற்ற மாணவர்கள் அதிகமுள்ள பள்ளிகளில் இது சிறிய விஷயமே அல்ல. ஒரு நாள் பயிலரங்கு விளம்பரத்துக்கு உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

நடத்துபவரைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து வரும் கலைஞர் தனியே நடத்தினால் வேலையின் தரம் உயர்கிறது. ஆனால் யாருக்கு எதில் சிரமம் என்பது அவருக்குத் தெரியாது, அவர் போனதும் எல்லாம் நின்றுபோகிறது. ஆசிரியர் மட்டும் நடத்தினால் தொடர்ச்சி இருக்கும். மதிப்பெண் போடும் அதே குரலில் கலையும் நடக்கும் என்பதால் துணிச்சல் குறையும். இருவரும் சேர்ந்து திட்டமிட்டு, முதல் பருவத்தில் கலைஞர் முன்னே நிற்கவும், இரண்டாம் பருவத்தில் ஆசிரியர் முன்னே நிற்கவும் செய்வதே நீடிக்கக்கூடிய ஏற்பாடு. அதற்காக ஆசிரியருக்குத் தயாரிப்பு நேரம் முறைப்படி ஒதுக்கப்பட வேண்டும். அவரது ஓய்வு வேளையிலிருந்து அதைப் பிடுங்கும் திட்டம் இரண்டாம் ஆண்டைப் பார்ப்பதில்லை.

ஆகவே முதன்முறையாகத் தொடங்கும் பள்ளிக்கு என் பரிந்துரை இதுதான்: பாடவேளைக்குள், ஒரு பருவம் முழுக்க, நான்கு பேர் கொண்ட குழுக்களாக, படத்துக்கு ஸ்டாப் மோஷனையும் அதற்கான குரலுக்கும் பின்னணி ஓசைக்கும் ஒலிப்பதிவையும் சேர்த்தே திட்டமிடுங்கள். ஒன்று மூடும் கதவை மற்றது திறக்கிறது. செவித்திறன் குறைந்தவர் படத்திலும், பார்வை குறைந்தவர் ஒலியிலும் தலைமை ஏற்க இடம் உண்டு. மேல்நிலை வகுப்புகளிலும், முன்பே ஒரு சுற்று முடித்தவர்களுடனும் ஆவணப்படத்துக்குப் போகலாம். உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை விசாரிக்கும் வயதும் துணிவும் வந்த மாணவர்களுக்கு அனிமேஷன் ஈடாகாது. கணினி ஆய்வகம் நன்றாக உள்ள பள்ளி ஸ்க்ராட்ச்சில் தொடங்குவதும் பொருத்தமே. பணம் மிகக் குறைவு என்றால் ஒலியை மட்டும் வைத்துத் தொடங்கலாம். அப்போது வகுப்பில் செவித்திறன் குறைந்தவர் ஒருவர் இருந்தாலும் அந்த வழியை விட்டுவிட வேண்டும்.

வாங்கும் பட்டியலில் கேமராவைவிடத் தாங்கி, ஹெட்போன், சேமிப்புக் கருவி ஆகியவற்றுக்கு முதலிடம் தருவது நல்லது. கைப்பேசி எங்கிருந்தாவது கிடைத்துவிடும், அசையாத தாங்கி கிடைக்காது. மாணவர்களின் சொந்தக் கைப்பேசிகளைப் பயன்படுத்துவது என்றால், இல்லாதவர் யார் என்பது அந்த நொடியிலேயே வெளிப்பட்டுவிடும் என்பதை மறக்கக் கூடாது. பள்ளிக்கென ஐந்தாறு பழைய கைப்பேசிகளைச் சேர்த்து, சிம் கார்டு இல்லாமல், எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கொடுப்பதே சரி.

முடிந்த படைப்புகளை எங்கே காட்டுவது என்பதை முதல் வகுப்பிலேயே மாணவர்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும். கனடா தேசியத் திரைப்பட வாரியம் 1967இல் ஃபோகோ தீவில் மீனவ மக்களைப் படமெடுத்தபோது, எடுத்தவற்றை முதலில் அந்த மக்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே வெளியே கொண்டுபோனார்கள். பள்ளியும் அதே வரிசையைப் பின்பற்றலாம்: முதலில் குழுவுக்குள், பிறகு வகுப்புக்குள், பிறகு பெற்றோர் முன், எல்லோரும் சம்மதித்தால் மட்டும் பொதுவெளியில். பெற்றோரின் கையெழுத்துப் பெற்ற படிவம் சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். ஆனால் தன் குரலும் தன் கதையும் உள்ள கோப்பை விலக்கிக்கொள்ளும் உரிமை மாணவருக்கும் இருக்க வேண்டும். அந்த உரிமை எந்த நாள் வரை, யாரிடம் சொன்னால் நிறைவேறும் என்பதைப் படிவத்திலேயே, மாணவர் வாசித்தாலும் கேட்டாலும் புரியும் மொழியில் எழுதிவைக்க வேண்டும்.